முக்காலி வைத்த மிச்சம்

பத்துத் தட்டு கழுவச் சொன்னால் ஒன்பது கழுவும். துணி மடிக்கச் சொன்னால் எல்லாவற்றையும் கடையில் அடுக்கியது போல் மடித்து வைத்துவிட்டு, ஒரே ஒரு காலுறையை மட்டும் மேலே அப்படியே போட்டு வைக்கும். சைக்கிளுக்குக் காற்றடிக்கச் சொன்னால் முன்சக்கரம் கல் மாதிரி இருக்கும், பின்சக்கரமும் கல் மாதிரி இருக்கும், பின்சக்கரத்து வால்வு மூடி மட்டும் இருக்கையின் மேல் உட்கார்ந்திருக்கும். இதுதான் முக்காலி. எத்தனையோ நட்சத்திரங்களைத் தாண்டி வந்த அறிவுள்ள இனம் என்று செய்தியில் வாய் ஓயாமல் சொன்னார்களே, அந்த இனத்தில் ஒன்று. அவ்வளவு தூரம் வரத் தெரிந்ததற்கு ஒரு வால்வு மூடியைத் திருகத் தெரியவில்லையா என்று பட்டாசுக்கு மண்டை காயும்.

பட்டாசு என்பது அவளுக்கு அப்பா வைத்த பேர். வயது பதினாறு, கோபம் மூக்கு நுனியில். முக்காலி என்பதும் அவர் வைத்ததுதான். அவர் பஸ் ஓட்டுகிறவர். நாள் முழுக்கக் கண்ணாடியில் பயணிகளைப் பார்த்துப் பார்த்துப் பேர் வைக்கிற பழக்கம் வீடு வரைக்கும் வந்துவிட்டது. மூன்று கால் என்றால் முக்காலி, அதற்கு மேல் அவர் யோசிக்கவில்லை. வந்த விருந்தாளியும் கோபித்துக்கொள்ளவில்லை. கூப்பிட்டால் வந்தது.

அது பட்டாசின் நெஞ்சு உயரம் இருக்கும். சாம்பல் நிறம், இரண்டு கை, கைக்கு ஏழு விரல். வாய் உண்டு, ஆனால் அது சாப்பிட மட்டும். பேச்சே கிடையாது. நாம் பேசுவது மட்டும் நன்றாகப் புரியும். ஆமாம் என்றால் முன்காலால் தரையை ஒரு தட்டுத் தட்டும். இல்லை என்றால் தட்டாமல் சும்மா நிற்கும். கழுத்தைச் சுற்றி விரல் அகலத்துக்கு ஒரு பட்டை. அது சில நேரம் வெளிச்சமாகும், சில நேரம் கரிக்கட்டையாகும். ஏன் என்று பெரிய படிப்பு படித்தவர்களே தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள்.

இதை வீட்டுக்கு அழைத்தது அம்மா. அம்மா, பழுதான மோட்டார்களுக்குள் புதுச் செம்புக் கம்பி சுற்றி, அதாவது காயில் கட்டிக் கொடுக்கிறவள். வீட்டின் முன்னறைதான் கடை. உள்ளே நுழைந்தாலே வார்னிஷ் வாசனை, காலடியில் செம்புக் கம்பித் துண்டு. விருந்தினர் அலுவலகத்திலிருந்து, விரும்புகிற வீட்டுக்கு ஒருவரை அனுப்புகிறோம், கைவேலை என்றால் அவர்களுக்கு உயிர் என்று சொன்னதும் அம்மா முதல் ஆளாகக் கையைத் தூக்கிவிட்டாள். கடைக்கு ஒத்தாசை ஆயிற்று. பட்டாசை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் அறையின் ஜன்னல் பக்கத்துப் பாதி விருந்தாளிக்குப் போயிற்று. ஜன்னலும் போயிற்று.

அந்த எரிச்சலோடுதான் எல்லாம் தொடங்கியது. முதல் நாளே அது அவள் புத்தக அலமாரியை அடுக்கியது. அழகாகத்தான் அடுக்கியது. ஒரு புத்தகத்தை மட்டும் கட்டிலின் மேல் வைத்துவிட்டு அலமாரியில் அதற்கான இடத்தைக் காலியாக விட்டிருந்தது. அவள் முணுமுணுத்துக்கொண்டே அதை எடுத்துச் செருகினாள். அதன் கழுத்துப் பட்டை பளிச்சென்றது. தன்னைப் பார்த்துச் சிரிக்கிறது என்று நினைத்து அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

அதற்கப்புறம் இதே கதைதான். அவளுடைய தலையணைக்கு உறை போட்டால் ஒரு முனையை விட்டு வைக்கும். அவளுடைய பென்சில்களைச் சீவினால் ஒன்றைச் சீவாமல் வைக்கும். ஒருமுறை அவள் காய்ச்சலில் கிடந்தபோது போர்வையைக் கழுத்து வரை இழுத்துவிட்டது. இடது கால் கட்டைவிரல் மட்டும் வெளியே. காய்ச்சலில் நடுங்கிக்கொண்டே அவளே காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். இழுத்துக்கொண்டே திட்டவும் செய்தாள். அது ராத்திரி பூரா வெளிச்சத்தோடு கட்டில் ஓரம் நின்றது.

நடுவில் ஒரு தடவை அவளும் பிடிவாதம் பிடித்துப் பார்த்தாள். தொட்டியில் அது விட்டு வைத்த கடைசித் தட்டை, செத்தாலும் தொடமாட்டேன் என்று விட்டுவிட்டாள். அன்றைக்கு முக்காலி தொட்டிக்குப் பக்கத்திலேயே நின்றது. மறுநாளும் நின்றது. சாப்பாடு வைத்தால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கழுத்து கரிக்கட்டையாகி, பார்க்கவே சகிக்கவில்லை. அம்மா மனசு கேட்காமல் தட்டை எடுக்கப் போனாள், அது அவள் கையை மெல்ல விலக்கியது. அப்பா போனார். அவர் கையையும் விலக்கியது. கடைசியில் வீடே அவளைத்தான் முறைத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு போய்க் கழுவி, தட்டு தெறித்துவிடுகிற மாதிரி அடுக்கினாள். கழுத்து பளிச். ஒரு வாளி சாப்பாடு ஒரே மூச்சில் காலி.

"உன்னை நல்லா வேலை வாங்குது, பட்டாசு" என்று அப்பா சிரித்தார். அவள் அன்று அவரோடு பேசவில்லை.

இவ்வளவு நடந்தும் அவள் புகார் கொடுக்கவில்லை. கொடுக்க வைத்தது தேர்வு.

ஊருக்கு வெளியே தொழிற்பள்ளி ஒன்று இருந்தது. அங்கே மின்பிரிவில் சேர வேண்டும் என்பது பட்டாசின் ஒரே ஆசை. சேர்வதற்குத் தேர்வு எழுத வேண்டாம். ஒரு சின்ன மோட்டாரை வீட்டிலேயே சொந்தமாகக் கட்டி எடுத்துப்போய், அங்கே உள்ளவர்கள் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். அவள் அம்மாவைக்கூடக் கிட்டே சேர்க்காமல் கட்டினாள். பழைய கம்பியை உருவி, ஒவ்வொரு பள்ளத்தையும் சுரண்டிச் சுத்தம் செய்து, காகிதம் வைத்து, புதுக் கம்பியைச் சுற்றி இறக்கி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்து... விரல் நுனியெல்லாம் கீறல். முக்காலி பக்கத்தில் நின்று கண் கொட்டாமல் பார்த்தது. அதைத் தொடவும் விடவில்லை அவள்.

தேர்வன்று காலையில்தான் தப்பு செய்தாள். எல்லாம் முடிந்து, பக்க மூடியைப் பொருத்தி நான்கு போல்ட்டை முறுக்குவது மட்டும் பாக்கி. அப்பாவுடைய பஸ்ஸிலேயே போய் இறங்குவதாக ஏற்பாடு. அவர் வாசலில் நின்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். போனால் போகிறது, இதையாவது உருப்படியாகச் செய் என்று ஸ்பேனரை முக்காலியிடம் கொடுத்துவிட்டுக் குளிக்க ஓடினாள். திரும்பி வந்து மோட்டாரைத் தூக்கிப் பையில் போட்டுக்கொண்டாள். மற்ற நாளாயிருந்தால் அது தொட்ட எதையும் ஒரு தடவை தடவிப் பார்க்காமல் விடமாட்டாள். முக்காலி வாசற்படியில் ஸ்பேனரை நீட்டிக்கொண்டு நின்றது. அதைத் தள்ளிவிட்டு ஓடினாள்.

தொழிற்பள்ளியில் தேர்வு வைத்தவர் கண்ணாடி போட்ட, தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஒரு மனிதர். அவள் மோட்டாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கட்டு நன்றாக வந்திருக்கிறது என்று தலையாட்டினார். இணைப்பைக் கொடுத்தார். மோட்டார் ஓடியது. என்ன சத்தம் அது, தேன் மாதிரி. அவள் மூச்சை விடுவதற்குள் நான்காவது போல்ட் அதிர்வில் கழன்று மோட்டாரின் விசிறிக்குள் விழுந்தது. விசிறி சுக்குநூறானது. ஒரு துண்டு போய் அவருடைய தேநீர்க் குவளையில் விழுந்தது.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. போல்ட்டை முறுக்காமல் மின்சாரம் கொடுக்கிற ஆளை உள்ளே விட முடியாது, அடுத்த வருஷம் வாம்மா என்று சட்டையைத் துடைத்துக்கொண்டார். அவள் விசிறித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வெளியே வந்தாள். பஸ்ஸில் அழுகை வரவில்லை. கொதித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் அம்மா மோட்டாரைப் பிரித்துப் பார்த்தாள். மூன்று போல்ட்டும் இருக்க வேண்டிய இறுக்கத்தில் இருந்தன. நான்காவது துளையின் மரை மட்டும் துடைத்து, எண்ணெய் தொட்டு, முறுக்குவதற்குத் தயாராக இருந்தது.

"எனக்கு இது ஒருநாளும் இப்படிச் செஞ்சதில்லையே" என்றாள் அம்மா. கடை அலமாரியைக் காட்டினாள். முக்காலி முடித்த மோட்டார்கள் வரிசையாக இருந்தன. பட்டாசு ஸ்பேனரை எடுத்து ஒவ்வொன்றாகச் சோதித்தாள். ஒரு போல்ட்கூடத் தளர்ந்திருக்கவில்லை. ஒரு இணைப்பு விட்டுப்போகவில்லை. வாடிக்கையாளர் ஒருவர்கூடக் குறை சொல்லித் திரும்பி வந்ததில்லை என்று அம்மா சொன்னாள். அப்பாவுடைய சீருடைக்குப் பொத்தான் தைத்தால்கூட முழுசாகத் தைக்குமாம்.

ஆக, தெரியாமல் இல்லை. தெரிந்தே, அவளுக்கு மட்டும். வேண்டுமென்றே.

முக்காலி மூலையில் நின்றிருந்தது. நீ என் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டாய் என்று அவள் அதன் முகத்துக்கு நேராகச் சொன்னாள். முன்காலால் தட்டவும் இல்லை, அசையவும் இல்லை. அவள் போனை எடுத்து விருந்தினர் அலுவலகத்துக்குப் பேசினாள். இதை எங்கள் வீட்டிலிருந்து அழைத்துப் போய்விடுங்கள் என்றாள். எதிர்முனையில் காரணம் கேட்டார்கள், சொன்னாள். காலையில் வண்டி வரும் என்றார்கள். அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அது என் அறை, என் மோட்டார், என் வருஷம் என்று அவள் கத்தினாள்.

காலையில் வந்த அலுவலகத்து அம்மாளுக்குக் கண் இரண்டும் தூக்கத்துக்கு ஏங்கிக்கொண்டிருந்தன. இந்த வாரத்தில் எத்தனையாவது வீடோ, அலுத்துப்போயிருந்தார். முக்காலியின் அளவுக்கு ஏற்ற இருக்கை போட்ட வண்டி வாசலில் நின்றது. முக்காலி தன் சாமான்களைத் தானே கட்டட்டும் என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

அடுத்து எந்த வீட்டுக்கு என்று பட்டாசு கேட்டாள். சும்மா கேட்டு வைத்தாள்.

"வீடா? கப்பலுக்குத்தான்மா. வேற வீட்டுல கொண்டுபோய் விட்டுப் பார்த்தாச்சு. சாப்பிட மாட்டேங்குதுங்க, சோறு தண்ணி இல்லாம சுவரைப் பார்த்து நிக்குதுங்க. ஒரு வீட்டோட ஒட்டிக்கிச்சுன்னா அவ்வளவுதான். கப்பல் இந்த வாரம் கிளம்புது. இனிமே திரும்பி வராது."

பட்டாசு வேறு வீடு என்றுதான் நினைத்திருந்தாள். தெரு தாண்டி எங்கேயோ ஒரு வீடு, அங்கே வேறு ஒருத்தி மண்டை காய்ந்துகொண்டிருப்பாள் என்று. புகாரைத் திருப்பி வாங்கிக்கொள்ள முடியுமா என்று இழுத்தாள். எழுதி மேலே போய்விட்டது, எங்கள் கையில் இல்லை என்றார் அந்த அம்மாள்.

"ஆனா ஒண்ணு. இழுத்துட்டுப் போற பழக்கம் எங்களுக்குக் கிடையாது. அதுவா நடந்து வந்து ஏறினாத்தான் உண்டு. இதுவரைக்கும் ஏறாம நின்னது எதுவும் இல்ல. போகச் சொன்னா போயிடுங்க, பாவம்."

உள்ளேயிருந்து முக்காலி வந்தது. முதுகுப் பை போட்டிருந்தது, வந்த அன்று போட்டிருந்த அதே பை. குறுக்கே வார்கள், மார்புப் பக்கம் கொக்கிகள். கழுத்து கரிக்கட்டை. அலுவலகத்து அம்மாளைத் தாண்டி நடந்தது. அம்மாவின் முன் ஒரு கணம் நின்று, அவள் கையிலிருந்த செம்புத் தூசியைத் தொட்டது. ஓட்டுநர் தொப்பியோடு நின்ற அப்பாவைத் தாண்டியது. பட்டாசின் முன்னால் வந்து நின்றது.

எல்லாக் கொக்கியும் மாட்டியிருந்தது. கடைசி ஒன்றைத் தவிர. அந்த வார் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. முக்காலி ஏழு விரலால் அதை எடுத்து அவள் பக்கம் நீட்டியது.

கிளம்புகிற நேரத்திலும் மிச்சம். முதலில் அவளுக்கு வந்தது அதே பழைய எரிச்சல்தான். கையும் பழக்கதோஷத்தில் நீண்டுவிட்டது. வாரைப் பிடித்துக் கொக்கிக்கு அருகே கொண்டுபோயும் விட்டாள்.

"உனக்கு மட்டும்தான்டி வைக்குது" என்று பின்னாலிருந்து அம்மா சொன்னாள். "எங்களுக்கெல்லாம் வேலைய முடிச்சுக் குடுத்துடுது. மிச்சம் வைக்கிறது உனக்கு மட்டும்தான்."

இதையேதான் நேற்றும் சொன்னாள். நேற்று காதில் விழுந்தது, மனசில் விழவில்லை. இப்போது விழுந்தது. தொட்டிக்குப் பக்கத்தில் பட்டினியாக நின்ற முக்காலி நினைவுக்கு வந்தது. அம்மாவின் கையை விலக்கியது, அப்பாவின் கையை விலக்கியது. தட்டைக் கழுவுவது அதற்குப் பெரிதே இல்லை. அவள் வந்து முடித்து வைக்க வேண்டும், அவ்வளவுதான். காலுறை, பென்சில், வால்வு மூடி, போர்வைக்கு வெளியே விட்ட கட்டைவிரல் எல்லாம் அப்படித்தான். தான் பாதிக்கு மேல் செய்து, அவள் வந்து சேர்ந்துகொள்ள ஒரு இடம் விட்டு வைத்திருக்கிறது. அவளும் ஒன்று விடாமல் போய்ச் சேர்ந்திருக்கிறாள், ஒவ்வொரு தடவையும் வாய் நிறையத் திட்டிக்கொண்டே. அதன் கணக்கில், அவளுக்காகச் செய்ததில் இருவரும் சேர்ந்து செய்யாத காரியமே இல்லை. அவள் தனியாகக் கட்டிய மோட்டாரில் தொட விட்டதே அந்த நான்கு போல்ட்டைத்தான். அதிலும் ஒன்றை அவளுக்கு வைத்துவிட்டு, ஸ்பேனரோடு வாசலில் காத்து நின்றது. அவள் தள்ளிவிட்டுப் போய்விட்டாள்.

அவளுக்குக் கண் கலங்கியது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. வாயைத் திறந்து பேசத் தெரியாத ஒரு பிராணி, இப்படியா ஒருத்தியின் உயிரை வாங்கி அன்பைக் காட்டும்? இதற்கு ஒரு வருஷம் போயிற்று அவளுக்கு. போனது போனதுதான், அதற்கு மன்னிப்பெல்லாம் கிடையாது. ஆனால் இப்போது இந்தக் கொக்கியை மாட்டினால் இதையும் இருவருமாகச் சேர்ந்து செய்ததாகிவிடும். போவதையும் சேர்ந்து செய்ததாகிவிடும்.

அவள் வாரைக் கீழே விட்டாள். அது தொங்கி ஆடியது.

"மாட்டித் தரமாட்டேன். நிக்கிறதுன்னா நில்லு" என்றாள்.

முக்காலி நின்றது. அலுவலகத்து அம்மாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வாப்பா, வண்டி நிற்கிறது என்று கூப்பிட்டார். அது அசையவில்லை. நானே மாட்டிவிடுகிறேன் என்று எழுந்து வந்து கையை நீட்டினார். ஏழு விரல்கள் அவர் கையை மெல்ல விலக்கின. அவர் திரும்பவும் முயன்றார், திரும்பவும் விலக்கின. இத்தனை வீடு பார்த்தும் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை என்று அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அப்பா அவருக்கு ஆறுதலாக, இது எங்கள் வீட்டில் தினமும் நடக்கிற கூத்துதான் மேடம், நாள்கணக்காக நிற்கும் என்றார்.

பட்டாசு யாரையும் பார்க்கவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து பள்ளி ஷூவை இழுத்துப் போட்டுக்கொண்டாள். வலது காலின் நாடாவைக் கட்டினாள். இடது காலின் நாடாவைக் கோத்தாள், இழுத்தாள், முடிச்சுப் போடாமல் விட்டாள். காலை முக்காலியின் பக்கம் நீட்டினாள். அவள் வாழ்க்கையில் தான் தொடங்கிய ஒரு வேலையை வேண்டுமென்றே பாதியில் விட்டது அதுதான் முதல் தடவை. விடுவதற்குள் கை பரபரத்துப் போய்விட்டது.

"இந்தா. இதை நீ முடி."

முக்காலி அந்த நாடாவைப் பார்த்தது. அவளைப் பார்த்தது. மூன்று காலையும் மடித்து அப்படியே தரையில் உட்கார்ந்தது. அது உட்கார்ந்து அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. இரண்டு கையாலும் நாடாவின் இரண்டு முனைகளையும் எடுத்துக் கட்டியது. மேலே ஒரு முடிச்சு, அதற்கு மேல் ஒன்று, அதற்கும் மேல் ஒன்று. ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. கழுத்துப் பட்டை எரிந்த எரிப்பில், பகல் வெளிச்சத்திலும் சுவரில் அவள் நிழல் விழுந்தது. அலுவலகத்து அம்மாள், விருந்தாளி ஏற மறுக்கிறார் என்று போனில் யாரிடமோ அலுப்போடு சொல்லிக்கொண்டே வண்டியில் ஏறினார்.

அந்த முடிச்சை அம்மாவாலும் அவிழ்க்க முடியவில்லை. சாயங்காலம் கம்பி வெட்டுகிற கட்டரால் நாடாவை வெட்டித்தான் ஷூவைக் கழற்றினார்கள். புது நாடாவுக்கு வழி சொல் என்று அவள் முக்காலியைப் பிடித்துக் காய்ச்சினாள். அது தரையைத் தட்டவே இல்லை.

அடுத்த தேர்வுக்கு இன்னொரு மோட்டார் மேசைமேல் ஏறியிருக்கிறது. இந்த முறை முக்காலியைத் தொட விடுகிறாள். வேலை இரண்டு மடங்கு மெதுவாகிறது. முதுகுப் பை அவர்கள் அறையில், ஜன்னல் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. அறையைப் பெருக்கப் போன அம்மா, தொங்குகிற வாரைப் பார்த்து, பார்வைக்கு நன்றாக இல்லையே என்று கொக்கியில் மாட்டப் போனாள். பட்டாசு படித்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து பாய்ந்து வந்து அம்மாவின் கையை விலக்கினாள்.

"அதைத் தொடாதம்மா" என்றாள். "அது அப்படியே இருக்கட்டும்."